கப்பல் ஏறும் முன் கணித மேதை தாண்டிய தடைகள்

1914-ம் ஆண்டு மார்ச் மாதம் 17-ந் தேதி, செவ்வாய்க்கிழமை.

சென்னைத் துறைமுகத்தில் நெவாசா என்ற கப்பல் புறப்படத் தயாராக நின்றது. அதில் இங்கிலாந்துக்குப் போக ஒரு வாலிபர் வந்திருந்தார். வயது 26. பருத்த உடம்பு, ஒளி வீசும் கண்கள். உடம்பில் வெள்ளைக்கார உடுப்பு. அந்த உடுப்பு அவருக்குப் புதிது. தலையில் இருந்த குடுமியும் சில நாட்களுக்கு முன்புதான் போயிருந்தது.

அவரை வழியனுப்பப் பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கூட வந்திருந்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வாலிபர் 1912-ல் இதே துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தவர். தலைவரே வந்து வழியனுப்பும் அளவுக்கு அந்தக் குமாஸ்தா உயர்ந்துவிட்டார்!

அவர்தான் கணித மேதை ராமானுஜம்.

ராமானுஜத்தின் கணக்கு பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அவர் அந்தக் கப்பலில் ஏறுவதற்குள் எத்தனை தடைகளைத் தாண்ட வேண்டியிருந்தது என்பது பலருக்குத் தெரியாது. சாதிக் கட்டுப்பாடு ஒரு பக்கம். தாயின் சம்மதம் ஒரு பக்கம். பணம் ஒரு பக்கம். முள்கரண்டியில் சாப்பிடத் தெரியாத பயம் இன்னொரு பக்கம். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

காஞ்சியில் அரிசி எழுத்து

ராமானுஜம் பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில். 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி. தந்தை சீனிவாச அய்யங்கார், கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் குமாஸ்தா. பட்டுச் சேலை வாங்க வருகிறவர்களுக்குக் கணக்கு எழுதும் வேலை. தாயார் கோமளத்தம்மாள். கோவிலில் பஜனைப் பாட்டுப் பாடுவார். அதில் கிடைக்கும் சில ரூபாயும் குடும்பத்துக்கு உதவியது.

தாயின் தகப்பனார் காஞ்சீபுரம் கோர்ட்டில் வேலை பார்த்தார். அதனால் ராமானுஜத்தின் பிள்ளைப் பருவத்தில் ஒரு பகுதி காஞ்சீபுரத்தில் கழிந்தது.

காஞ்சி என்றதும் நமக்குப் பட்டும் கோவிலும்தான் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் அது படிப்புக்கும் பெயர் போன ஊர். அங்கே கடிகை என்ற பெரிய கல்விச்சாலை இருந்தது. சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன், கன்னட நாட்டிலிருந்து மயூரசர்மன் என்ற இளைஞர் அங்கே படிக்க வந்தார் என்று தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. பிற்காலத்தில் கதம்ப அரசை நிறுவியவர் அவரே. காஞ்சியில் பிறந்த தருமபாலர் வடக்கே நாலந்தா பல்கலைக்கழகத்துக்குத் தலைமை ஏற்றார். சீனாவிலிருந்து வந்த யாத்திரிகர் யுவான் சுவாங்கும் 7-ம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்து போனார். வேற்றூர் போய்ப் படிப்பதும், வேற்றூரார் இங்கே வந்து படிப்பதும் அந்த மண்ணுக்குப் பழைய பழக்கம்.

அந்த ஊரில்தான் சிறுவன் ராமானுஜத்தைப் பற்றி வீட்டார் பெரிய கவலையில் இருந்தார்கள். வயது மூன்று ஆகியும் குழந்தை சரியாகப் பேசவில்லை. ஊமையாகிவிடுமோ என்று தாய் தவித்தார். எழுத்துப் பழக்கம் செய்து பாருங்கள் என்று குடும்ப நண்பர் ஒருவர் யோசனை சொன்னார்.

தரையில் அரிசியைக் கனமாகப் பரப்பினார்கள். பாட்டனார் பேரனின் விரலைப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லி எழுதவைத்தார். உயிர் எழுத்து 12, மெய் எழுத்து 18 என்று குழந்தை ஒவ்வொன்றாகக் கற்றது. பேச்சும் வந்தது. வீட்டார் மனம் குளிர்ந்தது.

1892-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி, விஜயதசமி அன்று, திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். காஞ்சி கோர்ட்டில் பாட்டனாருக்கு வேலை போனதும், தாயும் மகனும் கும்பகோணம் திரும்பினார்கள்.

கணக்கில் புலி, மற்றதில் தோல்வி

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் ராமானுஜம் முதல் மாணவர். 1903-ல், காலேஜ் மாணவர்கள் படிக்கும் ஒரு கணக்குப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. கார் என்ற ஆங்கிலேயர் எழுதியது. அதில் சுமார் 5,000 கணித உண்மைகள் வரிசையாகத் தொகுக்கப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றுக்கு விரிவான விளக்கம் கிடையாது. விளக்கத்தை ராமானுஜமே கண்டுபிடித்தார். பிறகு, அந்தப் புத்தகத்தில் இல்லாதவற்றையும் கண்டுபிடிக்கத் தொடங்கினார்.

அன்று பிடித்த கணக்குப் பைத்தியம் அவரை விடவில்லை. கும்பகோணம் காலேஜில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணக்கு ஒன்றையே போட்டுக்கொண்டிருந்தார். மற்றப் பாடங்களில் தோற்றார். உபகாரச் சம்பளம் போயிற்று. அவமானம் தாங்காமல் 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். மறு ஆண்டு சென்னை பச்சையப்பன் காலேஜில் சேர்ந்தார். அங்கும் எப்.ஏ. பரீட்சையில் தோல்வி. மீண்டும் எழுதினார். மீண்டும் தோல்வி.

பட்டம் இல்லை. வேலை இல்லை. 1909-ல் ஜானகி என்ற பெண்ணைக் கலியாணம் செய்து வைத்தார்கள். அந்தக் கால வழக்கப்படி பெண்ணுக்கு வயது 10.

குடும்பம் வந்துவிட்டது. சம்பாதிக்க வேண்டும். கணக்கு எழுதிய நோட்டுகளை எடுத்துக்கொண்டு ராமானுஜம் ஊர் ஊராக வேலை தேடினார். திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்த ராமசாமி அய்யரிடம் போனார். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். ராமசாமி அய்யர் கணிதம் படித்தவர். இந்தியக் கணிதச் சங்கத்தை ஏற்படுத்தியவர். நோட்டைப் புரட்டியதும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. இப்படிப்பட்டவரைத் தாலுகா ஆபீசில் அடைத்துவைப்பது பாவம் என்று எண்ணி, சென்னையில் இருந்த நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். சும்மா பணம் வாங்க ராமானுஜத்துக்கு மனம் இல்லை. 1912-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி துறைமுகத்தில் குமாஸ்தா வேலையில் சேர்ந்தார்.

சீமைக்குப் போன கடிதம்

துறைமுக ஆபீசில் நாராயண அய்யர் என்ற அதிகாரி இருந்தார். அவரும் கணிதம் படித்தவர். இரவு நேரத்தில் இருவரும் சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். காகிதம் விலை அதிகம். அதனால் ராமானுஜம் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழிப்பார். முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார்.

இந்தக் கணக்கின் அருமை தெரிந்தவர்கள் சீமையில்தான் இருப்பார்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த இரண்டு பேராசிரியர்களுக்கு ராமானுஜம் எழுதினார். உதவி கிடைக்கவில்லை. மனம் தளராமல் மூன்றாவது ஒருவருக்கு எழுதினார். 1913-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதியிட்ட கடிதம் அது. தான் ஒரு ஏழைக் குமாஸ்தா என்று சொல்லி, நூற்றுக்கு மேற்பட்ட கணித முடிவுகளை அதோடு இணைத்திருந்தார்.

அந்த மூன்றாமவர், டிரினிட்டி காலேஜில் இருந்த ஹார்டி. முதலில் அவருக்கும் சந்தேகம்தான். யாரோ பைத்தியக்காரன் எழுதியிருக்கிறான் என்று நினைத்தார். அன்று இரவு நண்பர் லிட்டில்வுட்டை அழைத்து இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். இதை எழுதியவர் மகா மேதை என்ற முடிவுக்கு வந்தார்கள். பிப்ரவரி 8-ந் தேதி ஹார்டி பதில் எழுதினார். ராமானுஜத்தை எப்படியாவது கேம்பிரிட்ஜுக்கு வரவழைக்க வேண்டும் என்று லண்டன் இந்தியா ஆபீசுக்கும் தெரிவித்தார்.

அதன்படி, இந்திய மாணவர்கள் விஷயத்தைக் கவனித்து வந்த ஆர்தர் டேவிஸ் என்ற அதிகாரி சென்னையில் ராமானுஜத்தைக் கூப்பிட்டு விசாரித்தார். இங்கிலாந்துக்குப் போகச் சம்மதமா என்று கேட்டார்.

சம்மதம் இல்லை என்பதே பதில்!

கடல் தாண்டலாமா?

இன்று கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். பிழைப்புக்கு வழி இல்லாத ஒருவரை உலகத்தின் பெரிய கல்விச்சாலை அழைக்கிறது. அவர் வேண்டாம் என்கிறார். ஏன்?

அந்தக் காலத்தில் ஆசாரமான பிராமணக் குடும்பங்களில் கடல் தாண்டுவது பெரும் பாவம். போனவரைச் சாதியை விட்டுத் தள்ளி வைப்பார்கள். கலியாணத்துக்கும் கருமாதிக்கும் அழைக்க மாட்டார்கள். வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் கெட்ட பெயர். ராமானுஜத்தின் தாயோ ஆசாரத்தில் மிகவும் கண்டிப்பானவர். மகனை உயிராக வளர்த்தவர். அவர் மனம் நோகும்படி ராமானுஜம் எதுவும் செய்ய மாட்டார்.

ஹார்டிக்கு இந்தப் பதில் ஏமாற்றம். ஆனால் சென்னையில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது ராமானுஜத்தின் நோட்டு அவரிடம் காட்டப்பட்டது. அவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். இவருக்கு உதவி செய்யுங்கள் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்.

பட்டம் பெறாத ஒருவருக்கு ஆராய்ச்சிப் பணம் கொடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. வாதம் நடந்தது. கடைசியில், கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. 1913-ம் ஆண்டு மே 1-ந் தேதி முதல் மாதம் 75 ரூபாய். இரண்டு முறை பரீட்சையில் தோற்ற மனிதர், பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர் ஆகிவிட்டார். திருவல்லிக்கேணியில் தாயோடும் மனைவியோடும் குடியிருந்து, நாள் முழுவதும் கணக்கிலேயே மூழ்கினார்.

தாயின் சம்மதம்

1913-ம் ஆண்டின் கடைசியில் ராமானுஜமும் தாயாரும் நாராயண அய்யரோடு நாமக்கல்லுக்குப் போனார்கள். அங்கே கோவில் கொண்டுள்ள நாமகிரித் தாயார்தான் அவர்கள் குலதெய்வம். ராமானுஜம் மூன்று இரவு கோவிலிலேயே படுத்திருந்தார்.

அங்கே என்ன நடந்தது என்பதை இரண்டு விதமாகச் சொல்வார்கள். கடல் கடந்து போகலாம் என்ற உத்தரவு ராமானுஜத்துக்கே கிடைத்தது என்பது ஒன்று. தாயாரின் கனவில் நாமகிரித் தாயார் தோன்றினாள், மகன் வெள்ளைக்காரர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பதைத் தாயார் கண்டார், மகன் பிறந்த காரியத்துக்குக் குறுக்கே நிற்காதே என்று அம்மன் கட்டளையிட்டாள் என்பது மற்றொன்று.

எப்படி நடந்திருந்தாலும் சரி, ஒன்று மட்டும் நிச்சயம். தாய் சம்மதித்தார். பிள்ளையின் மனதில் இருந்த பாரம் இறங்கியது. சாதிக் கட்டுப்பாட்டை எதிர்த்து நிற்க மகனுக்குத் துணிவு வந்தது என்றால், அதற்குத் தாயின் ஒரு சொல்தான் காரணம்.

நான்கு பயங்கள்

1914 ஜனவரியில் நெவில் என்ற இளம் கணிதப் பேராசிரியர் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் பிரசங்கங்கள் செய்வது அவர் வேலை. ராமானுஜத்தை எப்படியாவது சரிக்கட்டி அழைத்து வரவேண்டும் என்று ஹார்டி அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

நெவில் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தார். அவருக்கு ஒரே ஆச்சரியம். ராமானுஜம் தயாராக இருந்தார்!

ஆனால் மனதில் நான்கு பயங்கள் இருந்தன. சீமையில் வாழப் பணத்துக்கு என்ன செய்வது? என் இங்கிலீஷ் அங்கே போதுமா? நான் மாமிசம் தொடாதவன், சாப்பாட்டுக்கு வழி என்ன? மறுபடியும் பரீட்சை எழுதச் சொல்வார்களா?

கடைசிப் பயத்தைக் கவனியுங்கள். உலகமே மெச்சிய கணிதப் புலவருக்குப் பரீட்சை என்றால் நடுக்கம். கும்பகோணத்திலும் சென்னையிலும் பட்ட காயம் ஆறவில்லை.

நெவில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பணத்துக்கு ஏற்பாடு செய்வோம். உங்கள் இங்கிலீஷ் போதும். சைவச் சாப்பாட்டை யாரும் தடுக்க மாட்டார்கள். பரீட்சை கிடையாது, ஆராய்ச்சி மட்டும்தான். இப்படிப் பதில் கிடைத்ததும் ராமானுஜத்தின் முகம் தெளிந்தது.

வெளிநாடு போகிற மாணவனுக்குத் தைரியம் சொல்லி அனுப்புவதில் நெவில் ஒரு வழிகாட்டி. பயப்படாதே என்று சொல்லி முதுகில் தட்டுவது எளிது. இன்ன பயத்துக்கு இன்ன வழி என்று காட்டுவதுதான் உதவி.

ஆண்டுக்கு 250 பவுன்

அடுத்தது பணம். ஜனவரி 28-ந் தேதி நெவில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கவர்னர் மாளிகைக்கு எழுதினார். கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் காதுக்கு விஷயம் போயிற்று. காரியம் மளமளவென்று நடந்தது.

ஆண்டுக்கு 250 பவுன் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உபகாரச் சம்பளம் என்று முடிவாயிற்று. கப்பல் கட்டணமும் உடுப்புச் செலவும் தனி. அன்றைய கணக்கில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய். 250 பவுன் என்றால் 3,750 ரூபாய். துறைமுகத்தில் ஓர் ஆண்டு முழுவதும் உழைத்தாலும் 360 ரூபாய்தான் கிடைத்திருக்கும். பத்து மடங்குக்கும் மேல்!

பணம் வந்ததும் ராமானுஜம் செய்த முதல் ஏற்பாடு என்ன தெரியுமா? அதிலிருந்து மாதம் 60 ரூபாயைக் கும்பகோணத்தில் இருக்கும் தாயாருக்குக் கொடுத்துவிடும்படி சொன்னார். பிள்ளை சீமையில் இருக்கும்போது வீட்டில் அடுப்பு எரியாமல் இருக்கக் கூடாதல்லவா?

முள்கரண்டியும் குடுமியும்

பயண நாள் நெருங்கியது. நண்பர்கள் ராமானுஜத்தைத் துரை ஆக்கத் தொடங்கினார்கள்.

சட்டை, காலர், டை, காலுறை, பூட்சு எல்லாம் வாங்கினார்கள். அதுவரை வேட்டி கட்டி வெறுங்காலில் நடந்தவர் அவர். பூட்சுக்குள் கால் நுழைய மறுத்தது. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மாமிசம் பரிமாறக் கூடாது என்ற கண்டிப்பான நிபந்தனையோடுதான் அந்தப் பாடத்துக்கு ராமானுஜம் உட்கார்ந்தார். இலையில் கையால் பிசைந்து சாப்பிட்டவருக்குக் கணக்கை விட அதுதான் கஷ்டமாக இருந்திருக்கும்! கப்பலில் அவருக்குச் சைவச் சாப்பாடு கிடைக்க வேண்டும் என்று சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கப்பல் கம்பெனிக்கே எழுதினார்.

எல்லாவற்றிலும் கடினமான காரியம் குடுமியை எடுப்பது. வெள்ளைக்கார உடுப்புக்கும் தொப்பிக்கும் குடுமி ஒத்துவராது என்று ராமச்சந்திர ராவ் வற்புறுத்தினார். அதைத் தாய் பார்த்தால் தாங்குவாரா? மார்ச் 14-ந் தேதி ராமானுஜம் எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போய்த் தாயாரையும் மனைவியையும் கும்பகோணம் ரெயிலில் ஏற்றிவிட்டார். அவர்கள் போன பிறகுதான் குடுமி எடுக்கப்பட்டது. துக்கத்தை அடக்கிக்கொண்டு அதற்குத் தலை கொடுத்தார்.

உடன் வர ஜானகிக்கும் ஆசை இருந்தது. அது நடக்கவில்லை. கப்பல் புறப்பட்ட நான்காம் நாள் ஜானகிக்கு 15 வயது நிறைந்தது. கணவர் எப்போது திரும்புவார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

பிரியும் நேரத்தில் நாராயண அய்யர் ஒரு வேண்டுகோள் விடுத்தார். என் சிலேட்டை நீ எடுத்துக்கொள், உன் சிலேட்டை எனக்குக் கொடு என்று கேட்டார். இருவரும் சிலேட்டு மாற்றிக்கொண்டார்கள். இரவு இரவாகச் சேர்ந்து கணக்குப் போட்டவர்களின் அன்புக்கு அதைவிட வேறு அடையாளம் எதற்கு?

நான்கு வாரப் பயணம்

முதல் சில நாட்கள் கடல் மயக்கம் ராமானுஜத்தைப் படுத்தியது. பிறகு உடம்பு தேறியது. அரபிக் கடல், செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல் என்று கடந்து, ஏப்ரல் 14-ந் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தார். நெவில் காத்திருந்து வரவேற்றார். சில நாட்களில் கேம்பிரிட்ஜில் தம் வீட்டுக்கே அழைத்துச் சென்று தங்கவைத்தார். சில வாரங்களுக்குப் பிறகு ராமானுஜம் டிரினிட்டி காலேஜில் தனி அறைக்குக் குடிபோனார்.

ஒருவரும் சொல்லித்தராத பாடம்

சென்னையில் எத்தனையோ பாடம் நடந்தது. டை கட்டச் சொல்லித்தந்தார்கள். முள்கரண்டி பிடிக்கச் சொல்லித்தந்தார்கள். ஆனால் குளிரில் தூங்குவது எப்படி என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை.

அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தவர் வங்காளத்து மகலனோபிஸ். பின்னாளில் புள்ளி விவர இயலில் பெரும் புகழ் பெற்றவர். ஒரு நாள் ராமானுஜத்தின் அறைக்குப் போனார். இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று விசாரித்தார். ஓவர்கோட்டு போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தும் நடுங்குகிறது என்றார் ராமானுஜம். மகலனோபிஸ் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் நிறைய இருந்தன. ஆனால் அவை மெத்தையோடு செருகி மடிக்கப்பட்டு, மேலே விரிப்புப் போட்டு மூடப்பட்டிருந்தன. அதற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜத்துக்குத் தெரியவில்லை! மகலனோபிஸ் கம்பளியைப் பிரித்து, உள்ளே படுக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தார்.

கேட்டால் சிரிப்பு வரும். சற்று யோசித்தால் கண்ணீர் வரும். கையெட்டும் தூரத்தில் கம்பளி இருந்தது. கேட்கக் கூச்சம். கேட்பதற்குப் பழகிய முகமும் பக்கத்தில் இல்லை.

சாப்பாட்டுக் கதையும் அப்படித்தான். காலேஜ் சமையலில் மாமிசக் கொழுப்பு கலந்திருக்குமோ என்ற சந்தேகம். அறையில் தாமே சமைத்துக்கொண்டார். புளியும் தேங்காய் எண்ணெயும் சென்னையிலிருந்து தபாலில் வந்தன. அவர் போன நான்காம் மாதமே, 1914 ஆகஸ்டில், முதல் உலகப்போர் மூண்டது. காய்கறி கிடைப்பது அரிதாயிற்று. கணக்கில் ஆழ்ந்துவிட்டால் சமைக்க மறந்துவிடுவார். சாப்பிட வேண்டிய நேரத்தில் சாப்பிடுவதில்லை. தூங்க வேண்டிய நேரத்தில் தூங்குவதில்லை.

1917-ல் நோயில் விழுந்தார். ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரியில் படுத்தார். காச நோய் என்று அன்றைய டாக்டர்கள் எண்ணினார்கள். இந்தியாவில் இருந்தபோதே உடம்பில் புகுந்த அமீபா கிருமி ஈரலைத் தாக்கியிருக்கலாம் என்று 1994-ல் ஒரு டாக்டர் ஆராய்ந்து எழுதினார். நோய் எதுவானாலும், சரியான உணவும் கவனிப்பும் இல்லாத உடம்பு அதை எதிர்த்து நிற்க முடியவில்லை.

புகழும் முடிவும்

போன காரியத்தில் ராமானுஜம் தோற்கவில்லை. 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சிப் பட்டம் கொடுத்தது. பரீட்சை எழுதாமலே வந்த பட்டம்! 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி காலேஜின் பெல்லோ ஆனார். அந்தப் பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் கொடுக்க முன்வந்தது. நோயாளியாக இருந்த ராமானுஜம் 1919 ஜனவரியில் அதற்குப் பதில் எழுதினார். இந்தப் பணம் என் தேவைக்கு அதிகம், பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் போக, என் செலவும் கழிந்து மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகள் படிப்புக்கும் பள்ளிப் புத்தகங்களுக்கும் செலவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். புத்தகத்துக்கும் காகிதத்துக்கும் ஏங்கியவர் அல்லவா? ஏழை மாணவன் பாடு அவருக்குத் தெரியும்.

1919 மார்ச் 27-ந் தேதி பம்பாயில் வந்து இறங்கினார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் பருத்த உடம்போடு போனவர், எலும்பும் தோலுமாகத் திரும்பினார். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி, சென்னை சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

கடல் கடந்து போய்வந்தவர் என்பதால், ஆசாரம் பார்க்கும் உறவினர் பலர் ஈமச் சடங்குக்கு வரவில்லை என்று சொல்கிறார்கள். அவர் எந்தக் கட்டுப்பாட்டுக்குப் பயந்தாரோ, அது கடைசி நாள் வரை அவரை விடவில்லை.

ஜானகி அம்மாள் பின்னர் பல ஆண்டுகள் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து வாழ்ந்தார். 1994-ல் காலமானார்.

வழியனுப்பும் வீட்டாருக்கு

ராமானுஜம் பிறந்த டிசம்பர் 22-ந் தேதியை 2012 முதல் இந்தியா தேசியக் கணித நாளாகக் கொண்டாடி வருகிறது. இத்தாலியில் டிரியெஸ்டே நகரில் உள்ள சர்வதேச பௌதிக ஆராய்ச்சி நிலையம், வளரும் நாடுகளைச் சேர்ந்த 45 வயதுக்கு உட்பட்ட கணித அறிஞர்களுக்கு ராமானுஜம் பெயரால் 2005 முதல் பரிசு கொடுத்து வருகிறது. 2011-ல் அந்தப் பரிசைப் பெற்றவர் ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டைச் சேர்ந்த பிலிபெர் நாங். கும்பகோணத்துக் குமாஸ்தா மகனின் பெயர், ஆப்பிரிக்காவின் பிள்ளைக்கும் ஊக்கம் கொடுக்கிறது!

இன்று நம் பிள்ளைகள் வெளிநாடுகளுக்குப் போகிறார்கள். ஆப்பிரிக்க நாடுகளின் பிள்ளைகள் நம் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் வந்து படிக்கிறார்கள். கடல் தாண்டுவது பாவம் என்ற பேச்சு மறைந்துவிட்டது. ஆனால் மற்றக் கவலைகள் அப்படியே இருக்கின்றன. பணம் போதுமா? பாஷை புரியுமா? சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா? உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பார்கள்?

அந்தக் கவலைகளைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். பெட்டியில் துணியை அடுக்குவதோடு நிறுத்தாமல், இரண்டு சமையல் கற்றுக்கொடுங்கள். வேளைக்குச் சாப்பிடவும் தூங்கவும் சொல்லுங்கள். தெரியாததைக் கேட்க வெட்கப்படாதே என்று பத்து முறை சொல்லுங்கள்.

நம் தெருவில் தூர தேசத்துப் பிள்ளை ஒன்று குடி வந்தால், அதன் கதவையும் ஒரு நாள் தட்டுங்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். கேம்பிரிட்ஜில் மகலனோபிஸ் செய்தது அவ்வளவுதான்.